தோட்ட மண்டபத்தில் என்ன படம் போடலாம்: கொலையா, கால இயந்திரமா?

பள்ளி விடுமுறையில் மண்டபத்தில் ஒரு படம் போடுவது என்று இளைஞர் மன்றம் முடிவு செய்துவிட்டது. என்ன படம் என்பதுதான் இழுபறி. திகில் படமோ அறிவியல் புனைவோ, தமிழில் இருக்க வேண்டும், ஒரே ஒரு படம்தான். இதுவரை எல்லாரும் ஒத்துக்கொண்டது இவ்வளவே. அதற்கு மேல் ஆளுக்கொரு கட்சி. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் சினிமாவைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளைப் பார்ப்பது அபூர்வம். காலையில் ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்தால், தே தாரிக் ஆறுவதற்குள் பக்கத்து மேசைக்காரர் தன் படத்துக்கு ஓட்டுக் கேட்டுவிடுகிறார். கேட்டவற்றையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, பேச்சில் அடிபட்ட படங்களை மறுபடியும் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். கதையின் முடிச்சை எங்கும் அவிழ்க்க மாட்டேன், தைரியமாகப் படிக்கலாம்.

நல்ல படம் எது என்பது ஒரு கேள்வி, நம்ம மண்டபத்தில் எடுபடும் படம் எது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சண்டை முடியாமல் இழுக்கிறது. மண்டபம் தகரக் கூரை. மழை பிடித்தால் மெல்லப் பேசுகிற வசனம் எதுவும் காதில் விழாது. ஏழரை மணி என்று அறிவித்தால் பாதிப் பேர் எட்டு மணிக்குத்தான் வருவார்கள். வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு வருகிறவர்களை அதற்காகக் குறை சொல்லவும் முடியாது. முன்னால் பாய் விரித்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள், நடுவில் நாற்காலியில் தாத்தா பாட்டிகள், வாசலில் மோட்டாரை விட்டு இறங்காமலே பார்க்கும் இளவட்டம். இது போக, செம்பனைத் தோட்டங்களில் இப்போது வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். திரை கட்டினால் அவர்களும் வருவார்கள், வரட்டும்.

இன்னொன்றும் உண்டு. இங்குள்ள பெரியவர்கள் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்துப் பழகியவர்கள். 1946-ல் மலாயா திரைப்படப் பிரிவு தொடங்கிய பிறகு, அரசாங்கத்தின் நடமாடும் சினிமா வண்டிகள் தோட்டம் தோட்டமாக, மலாய்க் கிராமங்களான கம்பம் கம்பமாகப் போய்ப் படம் காட்டிய காலம் அது. அப்படிப் பார்த்தவர்கள் திரையோடு பேசிக்கொண்டே பார்ப்பார்கள். வில்லன் ஒளிந்திருந்தால் கதாநாயகனை எச்சரிப்பார்கள், கெட்டவன் அடி வாங்கினால் "போடு" என்பார்கள். ஈப்போவில் குளிரூட்டிய அரங்கில் வாயைப் பொத்திக்கொண்டு பார்க்கும் பழக்கம் பிற்பாடு வந்தது. மண்டபத்தில் பழைய பழக்கம்தான் செல்லும். அதைத் தாங்குகிற படமாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இனி கட்சிகள். கொலைப் படக் கட்சிக்கு முதல் கேள்வி "யார் செய்தது?" என்பது. அறிவியல் படக் கட்சிக்கு "இப்படி ஒரு பொருள் இருந்தால் என்ன ஆகும்?" என்பது. நடுவில் மூன்றாவது ஒரு வகை இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. 1964-ல் வந்த 'பொம்மை' படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொம்மைக்குள் வெடிகுண்டு இருப்பது நமக்குத் தெரியும். அதைக் கையில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது. பொம்மை கை மாறிக் கை மாறிப் போகப் போக நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும். இங்கே எந்த ரகசியத்தையும் நம்மிடமிருந்து மறைக்கவில்லை, மறைக்காததால்தான் பதற்றம். மண்டபத்துக்கு இந்த வகைதான் பொருந்தும் என்பது என் கட்சி. "யார் செய்தது" படத்தைக் கெடுக்க ஒரு வாய் போதும். நம்ம ஊரில் வாய்களுக்குப் பஞ்சமில்லை.

இளவட்டத்தின் ஒருமித்த குரல் 'ராட்சசன்' (2018). படிவம் ஐந்து மாணவனிலிருந்து கடையில் வேலை செய்யும் தம்பி வரை எல்லாரும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள், சொல்லும்போதே கண் விரிகிறது. "அண்ணே, அந்தப் பியானோ சத்தம் கேட்டாலே எனக்கு இப்பவும் முதுகு சில்லுனு ஆகும்" என்றான் ஒருவன். பொய்யில்லை. ராம்குமார் இயக்கத்தில், ஜிப்ரான் இசையில், ஒரு காட்சிகூடத் தளராத படம் அது. சினிமா இயக்குநர் ஆக ஆசைப்பட்டு, கொலைகாரர்களைப் பற்றிச் செய்தித் துணுக்குகளாகச் சேர்த்து வைத்திருந்தவன், குடும்பச் சூழ்நிலையால் போலீஸ் வேலைக்குப் போகிறான். படம் எடுக்கச் சேர்த்த அறிவு கொலைகாரனைத் தேட உதவுகிறது. எழுத்தில் எவ்வளவு கச்சிதம் பாருங்கள்! கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடினாலும் நீளம் தெரியாது.

ஆனாலும் வேண்டாம். கொல்லப்படுகிறவர்கள் பள்ளி மாணவிகள். பாயில் உட்கார்ந்திருப்பவர்களும் பள்ளி மாணவிகள். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஒரு வாத்தியார் செய்கிற அக்கிரமம் வேறு படத்தில் வருகிறது; அந்தக் காட்சியைப் பெரிய பெண்களே நெளிந்துகொண்டுதான் பார்த்திருப்பார்கள். "பிள்ளைகளை அந்த நேரம் வெளியே அனுப்பிடலாம்" என்கிறார்கள். எந்த நேரம்? படம் முழுக்க அந்த நேரம்தான். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை. வீட்டில் பெரியவர்கள் மட்டும் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க இதைவிட நல்ல தமிழ்த் திகில் படம் கொஞ்சம்தான் இருக்கும், மண்டபத்துக்கு இல்லை. 2023-ல் வந்த 'போர் தொழில்' பெயரையும் சிலர் சொன்னார்கள். சரத்குமாரும் அசோக் செல்வனும் பெரிய அதிகாரி, புது அதிகாரி என்று ஒட்டாமல் ஒட்டும் அழகுக்காகவே பார்க்கலாம். ஆனால் அதுவும் தொடர் கொலைதான், அதே ஆட்சேபம்தான்.

'துருவங்கள் பதினாறு' (2016) கட்சி சின்னது, ஆனால் பிடிவாதமானது. இயக்கிய கார்த்திக் நரேனுக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. அதைச் சொல்லும்போதெல்லாம் இங்கே பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன்களுக்கு ஒரு பெருமை, தாங்களே எடுத்த மாதிரி. மழை பெய்யும் ஒரு இரவு, கோயம்புத்தூர், ஒன்றோடொன்று சம்பந்தம் இருப்பதும் இல்லாததும் தெரியாத சில சம்பவங்கள். ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரியாக ரகுமான் அதைத் திரும்பச் சொல்கிறார். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பாட்டுக்காகக் கதை எங்கும் நிற்பதில்லை. ரத்தத்தைக் காட்டிப் பயமுறுத்துவதும் குறைவு. காகிதத்தில் போட்டுப் பார்த்தால் நமக்கென்றே எடுத்த படம் போலத் தெரியும்.

இதன் பலமே மண்டபத்தில் பலவீனம். முதல் பத்து நிமிடத்தில் யார் எந்தப் பக்கம் திரும்பினார், எந்த வண்டி எங்கே நின்றது என்பதெல்லாம் பிற்பாடு வேறு அர்த்தத்தோடு திரும்பி வரும். எட்டு மணிக்கு உள்ளே வருகிறவருக்கு இந்தப் படம் புரியவே புரியாது. புரியாதவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார், அவர் விளக்கம் சொல்வதற்குள் இன்னொரு தடயம் போய்விடும், அப்புறம் இரண்டு பேருக்கும் புரியாது. காதில் இயர்போன் செருகிக்கொண்டு தனியாகப் பார்க்க வேண்டிய படத்தைத் தகரக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து வீணடிக்க வேண்டாம்.

இப்போது நான் அதிக நேரம் யோசித்த படத்துக்கு வருகிறேன். 'அந்த நாள்', 1954. நம்ம ஊர்த் தமிழ்ப் பள்ளியான மகாத்மா காந்தி கலாசாலை திறக்கப்பட்ட அதே வருடம். ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர்தான் இதை முன்மொழிந்தார். மற்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். அப்படித் தள்ளிவிடக் கூடிய படமில்லை அது. ஏவி.எம். தயாரிப்பு, ஜாவர் சீதாராமன் எழுத்து, எஸ். பாலசந்தர் இயக்கம். தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம். அதை எடுத்தவர் வீணை பாலசந்தர் என்பதுதான் வேடிக்கை. வீணை மேதை ஒருவர் பாட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் படம் எடுத்திருக்கிறார். சிவாஜி கணேசன் படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் செத்துவிடுகிறார். அதற்கப்புறம் மனைவி, சகோதரன், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக வாயைத் திறக்க, ஒவ்வொருவர் சொல்லுக்கும் ஏற்ப வேறு வேறு சிவாஜி வருகிறார். ஒரே ஆளைப் பற்றி இத்தனை பேர் இத்தனை விதமாகப் பேசுவதைக் கேட்கும்போது நமக்கே சந்தேகம் வருகிறது: செத்தவன் நல்லவனா, கெட்டவனா?

நான் யோசித்ததற்குக் காரணம் இந்தச் சாமர்த்தியம் மட்டுமில்லை. கதை நடப்பது 1943 அக்டோபரில், சென்னை மேல் ஜப்பான் குண்டு போட்ட சமயத்தில். ஜப்பான் அந்தக் கதைக்கு வெறும் பின்னணி இல்லை என்று மட்டும் சொல்கிறேன், மிச்சத்தைப் படத்தில் பாருங்கள். சென்னையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது என்றைக்கோ வந்து போன ஒரு விமானம். நமக்கு அப்படியா? ஜப்பான் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலம் அது; அதே அக்டோபர் நடுவில்தான், தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பான் போட்ட சயாம் மரண ரயில் பாதையின் இரண்டு முனைகளும் ஒன்று சேர்ந்தன. 415 கிலோமீட்டர் பாதை. அதைப் போடுவதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். எத்தனையோ பேர் திரும்பவில்லை. அதே அக்டோபர் 21-ஆம் தேதிதான் சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அந்த அரசுக்குத் துணை நின்றது அதே ஜப்பான். பால்மரம் (ரப்பர்) வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் துப்பாக்கி தூக்கி நேதாஜியின் ராணி ஜான்சி படையில் சேர்ந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரே லயத்தில், ஒரு வீட்டில் சயாமுக்குப் போனவருக்காக அழுகை, அடுத்த வீட்டில் படைக்குப் போனவரைப் பற்றிப் பெருமை. ஜப்பான்காரனோடு சேர்வது துரோகமா, தேசபக்தியா என்ற கேள்விக்குச் சென்னையில் ஒரு பதில்தான் இருந்திருக்கும். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பதில் இருந்திருக்கும்.

இந்தப் படத்தை இங்கே போட்டுவிட்டு, விளக்கைப் போட்டு, பெரியவர்களைப் பேசச் சொன்னால் அந்தப் பேச்சு படத்தைவிட நீளமாகப் போகும். ஆனால் அது வேறு மாதிரிக் கூட்டம். கறுப்பு வெள்ளை, வசனத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், ஒரே சம்பவம் பல வாயால் வருகிறது. முன்வரிசைப் பிள்ளைகள் அரை மணியில் எழுந்து ஓடிவிடுவார்கள், அவர்கள் பின்னாலேயே அம்மாக்களும். அதனால் விடுமுறைக் கொண்டாட்டத்துக்கு இது வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாக வைப்போம். பெரியவர்களும் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளும் மட்டும் வரட்டும். ஆசிரியர் ஐயாவிடம் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றார்.

அறிவியல் கட்சிக்குப் போவோம். இங்கே சிலதைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். 'எந்திரன்' (2010) எல்லாரும் தொலைக்காட்சியில் மனப்பாடம் ஆகும் அளவுக்குப் பார்த்தது. மண்டபம் வரை நடந்து வந்து பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. 'டிக் டிக் டிக்' (2018) விண்கல்லிலிருந்து நாட்டைக் காப்பாற்ற ஒரு மந்திர வித்தைக்காரனை விண்வெளிக்கு அனுப்புகிறது. பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் 2007-ல் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸ்ஸாபர் சோயுஸ் விண்கலத்தில் போனதை நேரலையில் பார்த்த தலைமுறை இங்கே இருக்கிறது. எத்தனை பயிற்சிக்குப் பிறகு அவரை அனுப்பினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். படத்தில் ஆட்கள் பக்கத்து ஊருக்குப் போகிற மாதிரி ராக்கெட் ஏறும்போது பின்வரிசை சும்மா இருக்காது. அந்தக் கிண்டலுக்காகவே போடலாம் என்கிறான் ஒருவன். அதுவும் ஒரு வாதம்தான், ஏற்கவில்லை.

'கலை அரசி' (1963) பெயரை ஒரு பாட்டி சொன்னதும் கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. எம்.ஜி.ஆர். விண்வெளிக்குப் போகிற படம்! வேற்றுக் கிரகத்தில் இசை இல்லையாம். அதைக் கற்றுக்கொடுக்கப் பூமியிலிருந்து பானுமதியைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். அறுபது வருடத்துக்கு முன்னால் தமிழில் இப்படி ஒரு கற்பனை. திகில் என்று பார்த்தால் துளியும் இல்லை. ஆனால் எம்.ஜி.ஆர். பெயரைச் சொன்னால் தோட்டத்தில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள் என்பதால் இதை வாக்கெடுப்புக்கு விடுவதே ஆபத்து. இது போட்டியில் சேர்ந்தால் மற்ற எதுவும் ஜெயிக்காது.

'அயலான்' (2024) தாய்மார்களின் தேர்வு. சிவகார்த்திகேயன், கூட ஒரு குட்டி வேற்றுக்கிரகவாசி, அதற்குச் சித்தார்த்தின் குரல். பூமியைத் தோண்டிப் பாழாக்கும் கம்பெனி, அதை எதிர்க்கும் விவசாயி என்று ஒரு கதை. பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும். யாரும் பயப்பட மாட்டார்கள், அதுதான் குறை. திகில் இரவு என்று சொல்லிவிட்டு இதைப் போட்டால் வாசலில் இருக்கும் மோட்டார் படை பாதியிலேயே கிளம்பிவிடும். அதே இயக்குநர் ரவிக்குமார் முதலில் எடுத்த படம் கையில் இருக்கும்போது இதற்கு ஏன் போக வேண்டும்?

ஆக, உண்மையான போட்டி இரண்டுக்குத்தான்: 'மாநாடு' (2021), 'இன்று நேற்று நாளை' (2015). இரண்டும் காலத்தோடு விளையாடுகிறவை. கதாநாயகனுக்கு நடக்கப்போவது நமக்கும் முன்கூட்டியே ஓரளவு தெரியும், அதனாலேயே நெஞ்சு அடித்துக்கொள்ளும். 'பொம்மை' வகை.

'மாநாடு' படத்துக்கு வாதாடுகிறவர்களின் வாதம் பிரமாதமானது. வெங்கட் பிரபு ஒரு நாளைத் திரும்பத் திரும்ப ஓட விடுகிறார். சிம்பு செத்துச் செத்து அதே விமானத்தில் கண் விழிக்கிறார். ஒவ்வொரு தடவையும் முதலமைச்சரைக் கொல்லும் சதியைத் தடுக்கப் பார்க்கிறார். "எட்டு மணிக்கு வந்தாலும் பரவாயில்லை, மறுபடியும் அதே நாள்தானே வரும்!" என்றார் லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர். தாமதமாக வருகிறவர்களுக்கென்றே எழுதிய திரைக்கதை என்று அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. அப்புறம் எஸ்.ஜே. சூர்யா. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு "ரிப்பீட்டு" என்று அலுத்துக்கொள்ளும் இடங்களுக்கு மண்டபத்தின் தகரம் பெயர்ந்துவிடும். இடைவேளையை ஒட்டி வரும் திருப்பம் தமிழில் வந்த புத்திசாலித்தனமான திருப்பங்களில் ஒன்று.

எதிர்ப்பக்கம் பாட்டிகள். இந்தப் படத்தைப் பேரனோடு வீட்டில் பார்த்த ஒருவர், முதல் தடவை நாள் திரும்பியதும் "பெட்டி கெட்டுப்போச்சா, பார்த்ததையே போடுது" என்று கேட்டாராம். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் மண்டபத்தில் அப்படிக் கேட்க இருபது பேர் இருப்பார்கள், ஒரே நேரத்தில் கேட்பார்கள். இன்னொன்று, துப்பாக்கிச் சூடு. ஒரு தடவை சுட்டாலே போதும். இங்கே கதையின் அமைப்பே திரும்பத் திரும்பச் சுடச் சொல்கிறது. மதக் கலவரத்தைத் தூண்டும் அரசியல் கதைக்கு அடியில் இருக்கிறது. கதாநாயகன் அப்துல் காலிக் ஒரு முஸ்லிம். படம் அவன் பக்கம்தான் நிற்கிறது, நியாயமாகவே நிற்கிறது. ஆனாலும் மலாய் அண்டை வீட்டுக்காரர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் வந்து உட்காரும் இடத்தில், தமிழ் புரியாமல் காட்சியை மட்டும் பார்த்தால் யார் யாரை அடிக்கிறார்கள் என்று தப்பாகப் போய்விடலாம். திரைக்கு அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்துரை சரியாக இருந்தால் இந்தக் கவலை குறையும், முழுக்கப் போகாது.

'இன்று நேற்று நாளை' கதையில் ஒரு கால இயந்திரம் எதிர்காலத்திலிருந்து தவறி வந்து இரண்டு பையன்கள் கையில் சிக்குகிறது. ஒருவன் சொந்தத் தொழில் என்று சொல்லிக்கொண்டு திரியும் விஷ்ணு விஷால். ('ராட்சசன்' கதாநாயகனும் இவர்தான் என்பது இளவட்டத்துக்கு ஒரு ஆறுதல்.) இன்னொருவன் பலன் பலிக்காத ஜோசியனாகக் கருணாகரன். இப்படி ஒரு இயந்திரம் கிடைத்தால் என்ன செய்வார்கள்? உலகத்தைக் காப்பாற்றவா போவார்கள்? காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். பொருள் தொலைந்த நாளுக்குப் போய், எங்கே விழுந்தது என்று பார்த்துவிட்டு வந்து, ஜோசியத்தில் தெரிந்த மாதிரிச் சொல்கிறார்கள். சங்கிலி தொலைந்தால் போலீசுக்குப் போவதற்கு முன்னால் மை போட்டுப் பார்க்கிறவரைத் தேடிப் போகிற ஊர் நம்மது. இந்த நகைச்சுவைக்கு விளக்கமே தேவையில்லை. குறி கேட்கப் போன அனுபவம் இருக்கிற அத்தனை அக்காமாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே பிடி இறுகுகிறது. பழைய நாள் ஒன்றில் இவர்கள் கை பட்டு ஒரு சின்ன மாற்றம் நடந்துவிட, சாக வேண்டிய ஒரு ரவுடி சாகாமல் போகிறான். இயந்திரத்தில் திரும்பி வந்து பார்த்தால் அவன் உயிரோடு, பலத்தோடு எதிரில் நிற்கிறான். இவர்களாகவே கட்டிய வெடிகுண்டு, இவர்களுக்கே தெரியும், நமக்கும் தெரியும். யார் செய்தது என்று ரகசியம் ஒன்றும் இல்லாததால் யாரும் அதைப் போட்டு உடைக்கவும் முடியாது. தாமதமாக வந்து உட்கார்கிறவருக்கு "பழசுக்குப் போய் ஒன்னை மாத்திட்டானுங்க, அதனால இப்ப உள்ளதெல்லாம் மாறிப்போச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வாக்கியம் தெரிந்தால் மிச்சப் படம் புரியும். இதைப் போல ஒரு மூச்சில் சொல்ல முடிகிற விதி மற்றப் படங்களில் எனக்குக் கிடைக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. காதல் பகுதி சவசவ என்று போகிறது. பாட்டுகள் வேகத்தைக் குறைக்கின்றன. நமக்கு அதில் ஒரு வசதி, மைலோ கலக்கவும் பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போகவும் நேரம் கிடைக்கும். பாலிடெக்னிக் பையன்கள் கேட்கிற கேள்விக்கும் படத்தில் ஒழுங்கான பதில் இல்லை: எல்லாருக்கும் கடந்த காலம் மாறிப்போனால், இந்த இரண்டு பேருக்கு மட்டும் பழைய கடந்த காலம் எப்படி நினைவிருக்கிறது? காலப் பயணக் கதை எழுதுகிற எல்லாரையும் இந்தக் கேள்வி மடக்கும். படம் முடிந்த பிறகு கடை முன் நடைபாதையான அஞ்சடியில் நின்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், அதுவும் படம் பார்ப்பதில் ஒரு பாகம்தான். திகில் என்ற அளவில் 'ராட்சசன்' பக்கத்தில் இது வர முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிற படம் இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான்.

என் ஓட்டு 'இன்று நேற்று நாளை' படத்துக்கு. அது கிடைக்காவிட்டால் 'மாநாடு', பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்லும் ஏற்பாட்டோடு.

"கிடைக்காவிட்டால்" என்றதும் சிலர் சிரித்தார்கள், "கைப்பேசியிலேயே இருக்கே அண்ணே." மாதச் சந்தா கட்டிப் பார்க்கிற தளங்கள் வீட்டுக்குள் பார்க்கத்தான் அனுமதி தருகின்றன, மண்டபத்தில் நாலு பேரைக் கூட்டிக் காட்ட அது செல்லாது, டிக்கெட் விற்காவிட்டாலும் செல்லாது. படத்தின் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திடமோ இங்கே வெளியிட்டவர்களிடமோ எழுதிக் கேட்க வேண்டும். கேட்கும்போதே மலாய் எழுத்துரை உள்ள பிரதியைக் கேளுங்கள். நம் நாட்டுத் திரையரங்குகளில் தமிழ்ப் படம் மலாய் எழுத்துரையோடுதான் ஓடுகிறது, ஆகவே அப்படி ஒரு பிரதி இருக்க வாய்ப்புண்டு. இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கும் அது கை கொடுக்கும். கடிதம் மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. மன்றச் செயலாளர் தங்கச்சி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பதில் வரும்வரை சுவரொட்டியில் படத்தின் பெயரைப் போட வேண்டாம்.

ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுப்பதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. திரை கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் சமாளிக்கலாம், மழைக்கு மேல் குரல் கேட்காவிட்டால் எந்தப் படமும் வீண். இடைவேளை, ரவுடி உயிரோடு இருப்பது தெரிந்த பிறகு விட வேண்டும், அதற்கு முன்னால் விட்டால் பாதிப் பேர் காமெடிப் படம் முடிந்தது என்று எழுந்து போய்விடுவார்கள். படம் காட்டும் கருவியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை 'ராட்சசன்' கட்சித் தம்பிகளிடம் கொடுங்கள். தோற்ற கோபமும் தணியும், படத்தை எங்கே நிறுத்துவது என்பதும் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.